ஏழாவது கண்ணி

வில்யானுக்கு மலையில் பன்னிரண்டு கண்ணிகள். பதின்மூன்றாவதற்கு இடமில்லாமல் இல்லை. ஒரு பகலுக்குள் ஓர் ஆள் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பக்கூடியது பன்னிரண்டைத்தான். போய்ப் பார்க்க முடியாத கண்ணியை வைக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை, காட்டில் குப்பை போடுகிறவன் என்று அவன் ஒருமுறை சொன்னான். அதிகம் பேசாத ஆள் சொன்னது என்பதால் ஊரில் அதைப் பழமொழி மாதிரி ஆக்கிவிட்டார்கள். சிகரெட் துண்டைக் கீழே போட்டாலும், "பதிமூணாவது கண்ணி வச்சுட்டான்டா" என்பார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் அவனுக்கு மலைச்சாலையில் வேலை. தைவானின் கிழக்கு மலைகள் மழைக்குத் தாங்காதவை. இரவில் சரிந்த பாறைகளைப் பகலில் அள்ளிப்போட வேண்டும். மனைவி புனிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு துண்டுத் தினைக்கொல்லை. கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமந்து சுமந்து, வெறுங்கையோடு நடக்கும்போதும் வில்யானின் தலை சற்று முன்னால் சாய்ந்திருக்கும், யாரோ மெதுவாகச் சொல்வதைக் கேட்பவனைப் போல.

ஐம்பத்தொரு வயதுக்குள் அந்தக் காட்டில் அவன் பார்க்காத ஒரே உயிர் கரடி. தடத்தைப் பார்த்திருக்கிறான். ஓக் மரப்பட்டையில் நகம் இழுத்த கோடுகளைப் பார்த்திருக்கிறான். கொட்டை தின்ன ஏறி, கிளைகளை உடைத்து மடித்து அது உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்திருக்கிறான். ஒருமுறை உடைந்த கிளையில் சாறு இன்னும் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. ஆளைத்தான் காணவில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்தே வாழ்நாள் முழுக்க அவர் கதவைத் தட்டியது போல இருந்தது அவனுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஊர்க்காரர்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே திருடர்களைப் போலப் போய்வந்தார்கள். பிறகு வேட்டைக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, வனத்துறையோடு உட்கார்ந்து பேசி, ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடலாம், எதை ஒரு வருடம் உறங்க விடவேண்டும், குட்டியோடு திரியும் பெட்டையைத் தொடக்கூடாது, விழுந்த விலங்கு ஒவ்வொன்றையும் தெரிவிக்க வேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணிகளைப் பார்த்தே ஆகவேண்டும். கடைசியில், கரடியைக் கொல்லக்கூடாது என்று வனத்துறை அதிகாரி எழுதச் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"இத வேற எழுதணுமா சார்?" என்றார் சங்கத் தலைவர் நபு. வில்யானின் பெரியப்பா மகன். "தினை களத்துக்கு வர்றதுக்கு முந்திக் கரடியக் கொன்னவன் ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. வச்சா கதிரெல்லாம் கரியாப் போயிடும். அறுப்பு முடியிற வரைக்கும் காட்டுலயே கெடக்கணும். உங்க அபராதமெல்லாம் எங்களுக்குத் தூசு."

முதல் வருடம் உறங்கவிட்ட பள்ளத்தாக்கில், இரண்டாம் வருடம் கேளையாடுகள் நாய் மாதிரி குரைப்பது சாலைவரை கேட்டது. வில்யான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டான். அன்று வீட்டுக்குப் போனபோது, "என்ன, பாட்டுக் கச்சேரிக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்க?" என்று புனி கேட்டாள்.

அந்த ஒப்பந்தம் இரண்டு வருடச் சோதனைக்குத்தான். தொடருவதா, கிழிப்பதா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோதுதான் ஹைசுல் தும்மினான்.

ஹைசுல் புனியின் தம்பி. காட்டுக்கு வில்யானோடு போகிறவன், வாய்க்குப் பூட்டில்லாதவன். கண்ணி பார்க்க வேண்டிய மூன்றாம் நாள் விடியற்காலை, கதவருகே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தவன் மூக்கைப் பிடித்தான், கண்ணை மூடினான், பிறகு வீடே அதிரும்படி ஒரு தும்மல் போட்டான்.

காட்டுக்குப் புறப்படும்போது யாராவது தும்மினால் அன்றைக்குப் பயணமில்லை. அந்த மலைகளின் புனுன் பழங்குடியில் வேட்டைக்காரன் எவனும் அதை மீறமாட்டான். நல்ல கனவு ஒன்று வந்த பிறகுதான் மறுபடி கூடையைத் தொடலாம்.

"நான் அடுப்புல மிளகா வறுத்துட்டிருக்கேன்" என்றாள் புனி. "நெடிக்கு வந்த தும்மல் கணக்குல வராது."

"தும்மல் தும்மல்தான்க்கா. சகுனம் மூக்குக்குள்ள நுழையறப்ப உன் அடுப்பையா எட்டிப் பாக்குது?"

"உன் சோம்பேறித்தனத்துக்கு மூக்கு ஒரு சாக்கு."

வில்யான் கூடையை இறக்கி வைத்தான். மூன்றாம் நாள் என்ற எண்ணம் ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒப்பந்தத்துக்கு இரண்டு வயது. தும்மலின் வயது யாருக்கும் தெரியாது. அன்றிரவு கனவே வரவில்லை. மறுநாளும் போகவில்லை. அடுத்த இரவு வந்தது: கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"விருந்தாளி வந்தா நல்லதுதானே" என்றாள் புனி. "கை குடுத்தியா?"

"நீட்டுனேன். அவர் ஒரு கைய முதுகுக்குப் பின்னாடியே வச்சிருந்தார்."

புனி அகப்பையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "போயிட்டு வா" என்றாள்.

ஐந்தாம் நாள் அவர்கள் ஏறினார்கள். முதல் ஆறு கண்ணிகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஏழாவதற்கு இன்னும் நூறடி இருக்கையில் வில்யான் நின்றான். அங்கே எப்போதும் சத்தம் போடும் சிலம்பன் குருவிகள் ஒன்றுகூட இல்லை. ஈரமண்ணும் பிசினும் புளித்த தேனும் கலந்தது போல ஒரு வாடை.

முதலில் தெரிந்தது ஒரு வட்டம். ஓக் மரத்தைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்குப் புல் இல்லை, புதர் இல்லை, மண் உழுதுபோட்டிருந்தது. கை எட்டிய செடிகளெல்லாம் முறிந்து கிடந்தன. பட்டை உரிந்த மரம் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் அடியில் ஓர் இருட்டு உட்கார்ந்திருந்தது. இருட்டு தலையைத் தூக்கியது. மார்பில் வெள்ளையாக ஒரு பிறை.

கால்களை நீட்டி, முதுகை மரத்தில் சாய்த்து, களைத்த ஆள் உட்காருவது போலத்தான் அது உட்கார்ந்திருந்தது. இடது முன்காலில் எஃகுக் கயிறு. பன்றிக்கு வைத்த கண்ணி. அதன் முடிச்சு வில்யான் தன் கையால் போட்டது.

கரடி மூச்சு விட்டது. அவ்வளவுதான் செய்தது. அந்த மூச்சு வில்யானின் வயிற்றுக்குள் கேட்டது. சின்ன வயதில் மலை சரிவதற்கு முன்னால் பூமிக்குள்ளிருந்து வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு இப்போதுதான். பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"மச்சான்" என்று ஹைசுல் பின்னாலிருந்து கிசுகிசுத்தான். துப்பாக்கி அவன் தோளிலிருந்து இறங்கியிருந்தது. "ஒரே ஒரு குண்டு. குழி வெட்டி மூடிட்டுப் போயிடலாம். கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கு. இது வெளிய தெரிஞ்சா ஊருக்கே காடு போச்சு."

"சுட்டுட்டு?"

"சுட்டுட்டு வீட்டுக்குத்தான்."

"எந்த வீட்டுக்கு? தினை இன்னும் பச்சையா நிக்குது. அறுப்பு வரைக்கும் நீயும் நானும் இந்தப் பாறைக்கடியில குடும்பம் நடத்தணும். நீ சமைப்பியா?"

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா?"

"அன்னைக்கு வாசல்ல தும்மினியே, அதை யாரு பாத்தா?"

துப்பாக்கி தோளுக்குத் திரும்பியது.

"முகட்டுக்கு ஏறு. அங்க சிக்னல் கெடைக்கும். நபு அண்ணனுக்குப் போன் போடு. வனத்துறைக்கு அவரே சொல்லட்டும். மருத்துவர் வேணும்னு சொல்லு."

"நீ?"

"நான் அவரோட இருக்கேன்."

"அவரா?" என்று கேட்டுவிட்டு, கரடியை ஒருமுறை பார்த்து, ஹைசுல் சிரிக்காமல் ஏறிப்போனான்.

வில்யான் முப்பதடி தள்ளிக் குந்தினான். வேட்டைக்காரனின் கண் தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. முறிந்த செடிகளில் இலை சுருண்டு, காம்புவரை காய்ந்திருந்தது. மரத்தின் காயத்தில் பிசின் இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. முதல் எச்சத்தின்மேல் மேலோடு கட்டியிருந்தது. இன்றைக்கு மூன்று இரவு. அதாவது, ஹைசுல் தும்மியதற்கு முந்தைய இரவில் இது மாட்டியிருக்கிறது. அன்று காலையே வந்திருந்தால் ஓர் இரவின் காயம்தான். கூடையை இறக்கி வைத்த தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

கரடியின் நாக்கு வறண்டு, ஓரத்தில் வெளுத்திருந்தது. வட்டத்துக்குள் தண்ணீர் இல்லை. இருபது கஜம் மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று கசிவது அவனுக்குத் தெரியும். மூன்று மூங்கில்களை வெட்டினான். நெடுகப் பிளந்து, கணுக்களைத் தட்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக முட்டுக்கொடுத்து ஊற்றிலிருந்து கீழே இறக்கினான். கொல்லைக்குத் தண்ணீர் கொண்டுவர எத்தனையோ முறை செய்த வேலை. கடைசி மூங்கிலை வட்டத்தின் விளிம்புக்குள் தள்ளும்போது, கரடி எழுந்து நின்றது.

எழுந்து நின்றபோதுதான் அதன் அளவு தெரிந்தது. எஃகுக் கயிறு ஒருமுறை அதிர்ந்து பாடியது. வில்யான் மூங்கிலை விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மூங்கில் நீளம். அதன் கண்கள் சின்னவை, பழுப்பு நிறம். அவற்றில் கோபத்தை அவன் தேடினான், கோபமாவது இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று. அவை அவனைப் பார்க்கக்கூட இல்லை. மூங்கிலின் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நூலாகத் தண்ணீர். கரடி குனிந்து குடித்தது. நெடுநேரம் குடித்தது. காட்டில் ஒன்று தண்ணீர் குடிக்கும் சத்தம் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. முட்டுக்கொடுத்த மூங்கிலைக் கையால் பிடித்தபடியே, அது குடித்து முடிக்கும்வரை அசையாமல் இருந்தான்.

சாயங்காலம் ஹைசுல் திரும்பினான். "நபு அண்ணன் போன்லயே அடிக்க வந்துட்டார். எரநூறு கண்ணி ஊர்ல இருக்கு, உன் மச்சான் கண்ணிதான் கெடச்சுதான்னு கேக்குறார். எல்லாரும் நாளைக்கு மத்தியானம் வர்றாங்க." மூங்கிலைப் பார்த்தான். "குழாய் கனெக்‌ஷன் வேற குடுத்துட்டியா?"

மறுநாள் மத்தியானம் ஆறு பேர் ஏறிவந்தார்கள். முன்னால் நபு, முகம் பாறை போல. பின்னால் வனத்துறை அதிகாரி. கால்நடை மருத்துவர் லியாவ், குட்டையான நகரத்துப் பெண், சேறு முழங்கால்வரை. அவள் கண் வேறெதையும் பார்க்காமல் நேரே கரடியிடம் போனது. ஊதுகுழலிலிருந்து மயக்க மருந்தூசி பறந்தது. பத்து நிமிடத்தில் கரடி, யாரோ தோளைத் தொட்டுப் படுக்கச் சொன்னது போல, பக்கவாட்டில் சாய்ந்தது.

"கையப் பிடிச்சுக்குங்க" என்றாள் லியாவ், வில்யானிடம்.

அவன் பிடித்தான். அது சூடாக இருந்தது. பாதத்தின் அடிப்பகுதி பழைய தோல்செருப்பு மாதிரி வெடித்திருந்தது. இந்த மலையில் அவன் நடந்த அதே பாதைகளில் நடந்து வெடித்தது. கயிற்றை வெட்டியபோது கீழே சதை சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளிப்பக்கத்து இரண்டு விரல்கள் கறுத்துக் குளிர்ந்திருந்தன.

லியாவ் மோந்து பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "எத்தன நாளாச்சு? ரெண்டு நாளுக்குள்ளன்னா இங்கயே சுத்தம் பண்ணி மருந்து போட்டு விட்டுடலாம். அதான் அதுக்கும் நல்லது, கூண்டப் பாக்காமப் போயிடும். அதுக்கு மேலன்னா விஷம் உள்ள ஏறியிருக்கும். கீழ கொண்டுபோயே ஆகணும். சேறு அப்பிக் கெடக்கு, பாத்துச் சொல்ல முடியல. நான் தப்பா முடிவெடுத்தா பத்து நாள்ல செத்துடும்."

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். நபு மரங்களைப் பார்த்தார். இரண்டு நாள் என்றால் ஒப்பந்தத்துக்குள். இரண்டு நாள் என்று சொல்வது மிகச் சுலபம். ஹைசுலின் உதடுகள் அந்த வார்த்தைக்குத் தயாராகிவிட்டதை வில்யான் பார்த்தான்.

அவன் கைக்குள் அந்தக் கை கனத்தது.

"நாலு ராத்திரி" என்றான். "இலையைப் பாருங்க. பிசினப் பாருங்க. நான் மூணாம் நாள் வந்திருக்கணும். வரல."

"ஏன் வரல?" என்றார் அதிகாரி.

ஹைசுல், தரையைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னக் குரலில் சொன்னான்: "நான் தும்மிட்டேன் சார்."

"என்னது?"

"தும்மல். வீட்டு வாசல்ல."

அதிகாரியின் பேனா குறிப்பேட்டின்மேல் வெகுநேரம் நின்றது. லியாவ் காத்திருக்கவில்லை. "தூக்குங்க" என்றாள்.

எழுபது கிலோ. கம்புகளில் போர்வை கட்டி, மாற்றி மாற்றி, செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து இறக்கினார்கள். ஒருகாலத்தில் வேட்டையோடு திரும்புகிறவர்கள் முகட்டில் நின்று துப்பாக்கியால் வானத்தைச் சுட்டுச் சேதி சொல்வார்கள், ஊர் ஓடிவரும். அன்று யாரும் சுடவில்லை. ஆனாலும் சாலைத் திருப்பத்தில் ஊர் நின்றிருந்தது. கம்புகளுக்கு நடுவே தொங்கிய வெள்ளைப் பிறை மூச்சோடு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. புனி கூட்டத்திலிருந்து வந்து, கட்டுப்போட்ட கையை மட்டும் பார்த்தாள்.

"பின்னாடி வச்சிருந்த கை" என்றாள், வில்யானுக்கு மட்டும் கேட்கும்படி.

கூட்டம் காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை நடந்தது. ஒப்பந்தத்தை மீறியது மீறியதுதானே என்று அதிகாரி கேட்டார். நபு எழுந்தார். ஆறு நாளாக வில்யானோடு பேசாதவர்.

"மீறுனதுதான் சார். ஆனா அவன் ரெண்டு நாள்னு சொல்லியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரிஞ்சிருக்காது. கரடி மட்டும் செத்திருக்கும். எங்க காட்டுல என்ன நடக்குதுன்னு இனிமே யாரு சொல்லித் தெரிஞ்சுக்கப் போறீங்க? மரத்துல நீங்க கட்டி வச்ச கேமராவா? அது பாத்ததை மட்டும்தான் சொல்லும், செஞ்சதைச் செஞ்சவன்தான் சொல்லணும்."

பின்வரிசையில் இருந்து வில்யான் எழுந்தான். ஒரு பையிலிருந்து பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். சூடுகாட்டி இருபுறமும் நசுக்கி, முட்டை வடிவ வளையமாக ஆக்கியிருந்தான்.

"கரடி தூங்கறப்ப கைய அளந்தேன்" என்றான். "என் உள்ளங்கைக்கு மேல ரெண்டு விரக்கடை. பன்னிக் காலு நாலு விரக்கடைதான். கண்ணி வாயில இந்த வளையத்த வச்சுட்டா பன்னிக் காலு போகும். அவர் கை போகாது."

அவ்வளவுதான் அவன் பேசியது. பிறகு ஞாபகம் வந்தவனாக, "என் பன்னெண்டையும் புடுங்கிட்டேன். ஒரு வருஷம் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது, புதிதாக இரண்டு வரிகளோடு. முதல் வரி வளையம். இரண்டாவது வரியை எழுதும்போது அதிகாரிக்கே சிரிப்பு வந்தது: புறப்படும்போது தும்மல் கேட்டு ஒருவன் நின்றுவிட்டால், அன்றே வேறு வீட்டுக்காரன் ஒருவன் போய் அவன் கண்ணிகளைப் பார்க்க வேண்டும்.

"வேற வீட்டுலயும் தும்மிட்டா?" என்று ஹைசுல் கேட்டான்.

"உன்னை ஊரை விட்டே அனுப்பிடுவோம்" என்றார் நபு.

ஓக் கொட்டைகள் உதிரும் நவம்பரில், குணமான கரடியை உறங்கும் பள்ளத்தாக்கின் மேல்முனையில் விட முடிவானது. இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரின் ஆண்கள் ஏறினார்கள். கதவைத் தூக்கும் கயிற்றை லியாவ் வில்யானின் கையில் கொடுத்தாள். எல்லோரும் பின்வாங்கினார்கள். மூடுபனி மரங்களுக்கிடையே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் அந்த மூச்சு.

ஹைசுல் மூக்கைப் பிடித்தான். கண்ணை மூடினான். தும்மினான்.

காடு முழுக்கக் கேட்டது. புனுன் ஆண்கள் பத்துப் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். நபு மெதுவாகத் தலையை ஆட்டி, மலையைவிட்டு இறங்கத் திரும்பினார்.

"என்னாச்சு?" என்றாள் லியாவ். "நேரமாகுது. என்னாச்சு எல்லாருக்கும்?"

வில்யான் கயிற்றைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"பயணம் நம்மளது இல்லண்ணே" என்றான். "அவரோடது. அவர் தும்மல."

நபு யோசித்தார். நின்று நன்றாகவே யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

வில்யான் இழுத்தான்.

சிறிது நேரம் கதவுச் சதுரத்தில் இருட்டு மட்டும் இருந்தது. பிறகு இருட்டே எழுந்து வெளியே வந்தது. அது ஓடவில்லை. அவர்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. நாலு அடி வைத்து, குனிந்து, சருகுகளுக்குள் மூக்கை விட்டு, ஒரு கொட்டையைப் பொறுக்கி, கடித்துத் தின்றது. அந்தச் சின்ன நொறுங்கல் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கொட்டை. அடுத்தது. பின்பு மூடுபனியில் அது எங்கே முடிந்தது, மரங்கள் எங்கே தொடங்கின என்று சொல்ல முடியவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகும் வில்யான் நின்றான். ஈரமண்ணில் இடது கையின் தடம் பதிந்திருந்தது: மூன்று விரல், இரண்டு வெறுமை. பக்கத்தில் தன் கையை வைத்து அழுத்தினான். இரண்டு குழிகளிலும் தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்தது, ஒன்று கொஞ்சம் முந்தி, ஒன்று கொஞ்சம் பிந்தி. கீழேயிருந்து ஹைசுல் கூப்பிட்டான். இனி எதிர்வீட்டுக்காரருக்குத் தன்னைத் தெரியும் என்று வில்யான் நினைத்துக்கொண்டான். நல்லவிதமாக இல்லை, ஆனாலும் தெரியும். கையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமலே இறங்கிப்போனான்.